ஒச்சப்பன் திருப்பிக் கொடுத்த பத்து வருஷம்

ஆந்தைக்குளத்துக்காரர்களுக்கு மூளை இல்லை என்பது அபாண்டம். இருக்கிறது. தேய்ந்துவிடுமே என்று வெளியே எடுப்பதில்லை, அவ்வளவுதான்.

அந்த ஊர் ஒச்சப்பனுக்குத் தொண்ணூறு வயது. முழங்கால் வலி அவரை உண்டு இல்லை என்று ஆக்கிக்கொண்டிருந்தது. ஊரில் வைத்தியர் கிடையாது. காய்ச்சல் வந்தால் காய்ச்சல் போகும், இல்லாவிட்டால் ஆள் போவார்.

அப்போதுதான் ராஜாவின் தண்டோரா வந்தது. மனுஷன் எண்பது வருஷம் இருக்க வேண்டும். நோயில் முன்னாடியே செத்தால் மிச்ச வருஷமெல்லாம் நாட்டுக்கு நஷ்டம். நஷ்டம் அதிகமான ஊருக்கு முதலில் வைத்தியர் வருவார்.

ஊர் கூடி, நோயில் செத்தவர்களின் மிச்ச வருஷங்களைக் கூட்டியது. பக்கத்து ஊரைவிடக் கொஞ்சம் கூடவே வந்தது. வைத்தியர் வந்த மாதிரிதான் என்று ஒச்சப்பன் காலைத் தடவிக்கொண்டார்.

கூட்டத்தில் மொக்கையன் எழுந்தான். "நஷ்டத்தை மட்டும் சொன்னா எப்படி? லாபத்தைக் கழிக்க வேணாமா? பெரியப்பா எண்பதுக்கு மேல பத்து வருஷம் இருந்துட்டாரே."

கழித்தார்கள். பக்கத்து ஊர் முந்திவிட்டது.

ஒச்சப்பன் கூனிக் குறுகிப்போனார். "நான் ஒரு தண்டம்ப்பா. யோசனையில்லாம இருந்துட்டேன். அந்தப் பத்தைத் திருப்பிக் கொடுத்துடறேன். எண்பதுலயே செத்துட்டேன்னு வச்சுக்குங்க."

"சத்தியமா?" என்றார் ஊர்த்தலைவர் சடையாண்டி அம்பலம்.

"செத்தவன் பொய் சொல்லுவேனா?"

கையோடு ஒரு பாட்டம் அழுதுவிட்டு, அரண்மனைக்குக் கணக்குச் சொல்லியனுப்பினார்கள். வைத்தியரும் வந்து சேர்ந்தார்.

ஒச்சப்பன் நொண்டிக்கொண்டே முதல் ஆளாகப் போய்க் காலை நீட்டினார். அம்பலம் மறித்தார். "நீங்க செத்தவரு, பெரியப்பா. உங்களுக்கு வைத்தியம் பார்த்தா ஊர்க் கணக்குப் பொய்யாயிடும்."

"நியாயந்தான். பழக்கதோஷத்துல வந்துட்டேன்" என்று ஒச்சப்பன் காலை மடக்கினார்.

வைத்தியருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஒச்சப்பனின் கையைப் பிடித்து நாடி பார்த்தார். "இவர் உயிரோடதானே இருக்கார்" என்றார்.

ஊர் கன்னத்தில் போட்டுக்கொண்டது. செத்துப் பத்து வருஷமான ஆள், தொட்டதும் எழுந்துவிட்டார்! மறுநிமிஷம் எல்லோரும் மண்வெட்டியோடு இடுகாட்டுக்கு ஓடினார்கள், அவரவர் அப்பனை வரிசையில் முதலில் நிறுத்த.

ஒச்சப்பன் மட்டும் மிஞ்சினார். "பத்து வருஷம் செத்துக் கிடந்திருக்கேன், எனக்கே தெரியல பாருங்க. அவ்வளவு மக்கு நான்."

வைத்தியர் முழங்காலைத் தொடப்போனார். ஒச்சப்பன் பதறிக் காலை இழுத்துக்கொண்டார்.

"வேணாம் சாமி. உயிரையே கொடுத்திருக்கீங்க, அதுக்கு மேல பேராசை கூடாது. முழங்காலை, அடுத்த தடவை நான் சாகும்போது சேர்த்துப் பார்த்துக்கலாம்."