பதினேழாவது கம்பு

“மேடம், ஒண்ணைக் கண்ணால பார்க்காத வரைக்கும் அது நடந்துச்சா நடக்கலையான்னு சொல்ல முடியாதுன்னு இந்தப் புஸ்தகத்துல போட்டிருக்கு. நெசந்தானா?”

கேட்டவர் சூசைமுத்து. தென்துருவத்துப் பனியில் இருக்கும் ஆராய்ச்சி நிலையத்தின் ஜெனரேட்டர் மெக்கானிக். தூத்துக்குடிக்காரர், ஐம்பது வயது.

பதில் சொல்ல வேண்டியவர் தமயந்தி. பனி அளக்கும் விஞ்ஞானி, மூன்று நாள் முன்பு கப்பலில் வந்திறங்கிய புதிய தலைவி. அவரைவிடப் பதினான்கு வயது இளையவர். ஞானத்துக்கு வயது கிடையாது. அங்கே கேட்பதற்கு வேறு ஆளும் கிடையாது.

குவாண்டம் இயற்பியலை எல்லாருக்கும் புரியும்படி சொல்கிற புத்தகம் அது. பெட்டிக்குள் ஒரு பூனை. திறந்து பார்க்கும்வரை அது செத்ததும் இல்லை, பிழைத்ததும் இல்லை. சூசைமுத்து அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகவே இல்லை.

போன மே மாதம் அவருடைய மகள் பிரின்சி மூளைக்காய்ச்சலில் போய்விட்டாள். பன்னிரண்டு வயது. அங்கே மே மாதம் குளிர்காலம்; கப்பலும் கிடையாது, விமானமும் கிடையாது. செய்தி மட்டும் வந்தது. அதன்பிறகு மனைவியிடமிருந்து வந்த எந்தப் போனையும் அவர் எடுக்கவில்லை.

நாளை அந்தக் கப்பல் ஊர் திரும்புகிறது. இன்னொரு வருஷம் இங்கேயே இருக்கிறேன் என்று எழுதிக் கொடுத்திருந்தார். தமயந்தி கையெழுத்துப் போட வேண்டும்.

“அது அணுவைவிடச் சின்னதுங்களுக்குச் சொன்னது அண்ணே.”

“எம்புள்ளையும் சின்னதுதான் மேடம்.”

தமயந்தி மேலங்கியை எடுத்து மாட்டினார்.

“வாங்க, கம்பு அளந்துட்டு வருவோம்.”

பனியில் வரிசையாக மூங்கில் கம்புகள் நட்டிருக்கும். வெளியே தெரியும் நீளத்தை மாதாமாதம் அளப்பார்கள். எவ்வளவு குறைந்ததோ அவ்வளவு பனி சேர்ந்திருக்கிறது. கம்பு மூழ்குவதற்குள் அதன் தலையில் இன்னொரு கம்பைக் கட்டிவிட வேண்டும். குளிர்காலத்தில் அது சூசைமுத்துவின் பொறுப்பு. மே மாதத்துக்குப் பிறகு அவர் அந்தப் பக்கமே போகவில்லை.

பதினாறு கம்புகளுக்கு நுனி மட்டும் தெரிந்தது. பதினேழாவது நின்ற இடத்தில் ஒன்றுமே இல்லை.

“எங்க அண்ணே?”

“இங்கதான் இருந்துச்சு. மூடிருச்சு.”

“எப்போ?”

“தெரியலை. நான்தான் வரலையே.”

“நீங்க வரலைன்னு பனி விழாம இருந்துச்சா?”

சூசைமுத்து பனியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“இதைச் சொல்லவா கூட்டியாந்தீங்க? எனக்குத் தெரியாதா? ஊருக்குப் போனா அவ இருக்க மாட்டா. இங்க கெடந்தா பாதியாவது இருப்பா. அந்தப் பாதியையும் புடுங்காதீங்க.”

வாய்விட்டு அழுதார். தமயந்தி தேற்றவில்லை. பக்கத்தில் பனியில் உட்கார்ந்தார்.

அழுகை ஓய்ந்ததும் தமயந்தி கேட்டார்.

“பிள்ளையைக் கடைசியா யாரு பார்த்தா அண்ணே?”

காற்று அடித்துக்கொண்டிருந்தது. சூசைமுத்து தலையைத் தூக்கினார்.

“எம்பொண்டாட்டி,” என்றார். “லூர்து. அவ ஒத்தையில பார்த்தா.”