கப்பலில் ஏறிய குரங்கு

குருவுக்கு வயது இருபத்தொன்பது. சீடருக்கு அறுபத்து மூன்று. குரு சீடரின் மருமகள் என்பதால் உபதேசமெல்லாம் அடுப்படியிலும் மொட்டைமாடியிலும்தான் நடக்கும்.

சீடர் ததேயுஸ் தூத்துக்குடி துறைமுகத்தில் முப்பது வருஷம் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். கல்யாண வீட்டில் பந்தி முடிந்து பாய் விரித்தால் ரம்மியில் அவரை அடிக்க ஆள் கிடையாது. இப்போது மொபைலில் போக்கர் பழகுகிறார், தோற்றுத் தோற்று.

ஞாயிறு மாலை மூன்று மணிக்குச் சொந்தக்காரர்கள் ஒன்பது பேர், ஆளுக்கொரு ஊரிலிருந்து, அந்த ஆப்பில் ஒரே மேசையில் உட்காருவார்கள். காசு கிடையாது, பந்தயம் கட்டத் திரையில் ஓடும் பொய்க் காய்கள்தான். மேசையில் இருக்கும்வரை பேசிக்கொள்ளலாம். காய் தீர்ந்துவிட்டால் ஆப் தயவு தாட்சண்யமில்லாமல் ஆளை வெளியே அனுப்பிவிடும். கடைசியில் ஒருவர் ஜெயித்ததும் மேசையே மூடிவிடும்.

ததேயுஸ் தொடர்ந்து ஆறு வாரம் முதல் ஆளாக வெளியே வந்தார். ஆறாவது வாரம் நேராக அடுப்படிக்குப் போனார்.

"ஏம்மா ஜெனோவா, இதுல எப்படித்தான் ஜெயிக்கது?"

ஜெனோவா காலேஜ் ஹாஸ்டலிலேயே இந்த ஆட்டத்தைக் கரைத்துக் குடித்தவள். "எவ்வளவு நேரம் இருந்தீய மாமா?"

"பத்து நிமிஷம் இருந்திருப்பேன்."

"அப்ப ஜெயிக்கதப் பத்தி ஏன் கேக்கீய? இருக்கதப் பத்திக் கேளுங்க."

அவர் முகம் தொங்கிப்போயிற்று. அப்புறம்தான் உண்மை வெளியே வந்தது.

"அண்ணன் இன்னைக்கு ஒரு கதை ஆரம்பிச்சாம்மா. அவன் வேலை பாத்த கப்பல்ல ஒரு குரங்கு ஏறிட்டாம். அந்நேரம் பாத்து என்னையத் தூக்கி வெளிய போட்டுட்டு."

"போன் போட்டுக் கேக்க வேண்டியதுதான?"

"கேட்டேன். எந்தக் குரங்குங்கான்."

அண்ணன் இஞ்ஞாசி இருப்பது விசாகப்பட்டினத்தில். மதினி தவறிப்போய் ஒரு வருஷம் ஆகிறது, தனி ஆள். போனில் அவருக்கு மூன்றே வாக்கியம்தான் வரும்: நல்லாருக்கியா, நான் நல்லாருக்கேன், வைக்கட்டா. சீட்டு என்று உட்கார்ந்தால்தான் மனுஷருக்கு வாய் திறக்கும். ததேயுஸுக்கு ஜெயிப்பெல்லாம் ஒரு பேச்சுக்கு. அண்ணன் குரலை இன்னும் கொஞ்ச நேரம் கேட்க வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. அதை வாய்விட்டுச் சொல்லத்தான் வெட்கம்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் ஜெனோவா அவர் கையில் கூடையைக் கொடுத்து மீன் சந்தைக்குக் கூட்டிப்போனாள்.

முதல் கடையில் சீலா மீன். செவுளைத் தூக்கிப் பார்த்தாள், நடந்தாள். அடுத்த கடையில் பாறை. விலை கேட்டாள், நடந்தாள். இப்படியே ஏழு கடை. "வாங்காத மகராசிக்கு வெல என்னத்துக்கு?" என்று ஒருத்தி சத்தமாகவே வாரினாள். ஜெனோவா அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டு நகர்ந்தாள். ததேயுஸ் கூசிப்போனார். விலை கேட்டுவிட்டால் வாங்காமல் வரத் தெரியாதவர் அவர். எட்டாவது கடையில் ஊளி மீன் பளபளவென்று கிடந்தது. குரு வாங்கினாள்.

மத்தியானம் சாப்பிடும்போது கேட்டார். "ஏழு பேர்ட்டக் கேட்டுட்டுச் சும்மா வந்தியே, ஒனக்கு ஒரு மாதிரி இல்லையாம்மா?"

"குழம்பு எப்படி மாமா?"

சீடர் இரண்டாவது தடவை சோறு வாங்கிக்கொண்டார்.

மூன்று மணிக்கு ஆட்டம் தொடங்கியது. இரண்டு சீட்டு வந்தது, ஒரு ராஜாவும் ஒரு நாலும். அவர் விரல் பரபரத்தது. வந்த சீட்டை ஆடாமல் போடுவது ரம்மிக்காரருக்கு மானக்கேடு.

"ராஜா வந்திருக்காம்மா!"

"செவுளத் தூக்கிப் பாத்தீயளா?"

மனசே இல்லாமல் காய் எதுவும் கட்டாமல் அந்தச் சுற்றிலிருந்து விலகினார். ஆனால் கண் விலகவில்லை. எல்லாருக்கும் பொதுவாக நடுவில் விரிந்த சீட்டுகளில் இன்னொரு ராஜா வந்து உட்கார்ந்தான்.

"போச்சு! விட்டுட்டேனே! இருந்திருந்தா அள்ளியிருப்பேன்லா!" அந்தக் கோபத்தில் அடுத்த சீட்டைப் பார்க்காமலே இறங்கப் போனார்.

ஜெனோவா கையை நீட்டி மொபைலைக் கவிழ்த்து வைத்தாள். "விலகுனா கவுத்துப் போட்டிருங்க."

"என்ன வருதுன்னு பாக்க வேண்டாமா?"

"வேண்டாம். அடுத்த சீட்டு போடும்போது மணி அடிக்கும். அப்ப நிமித்துங்க."

"அதுவரைக்கும் நான் என்ன செய்ய?"

"காது சும்மாதான இருக்கு."

அன்று கவிழ்ந்த மொபைலுக்குள்ளிருந்து சொந்தபந்தமெல்லாம் பேசுவதை அவர் கேட்டார். ஐந்தாவது ஆளாகத்தான் வெளியே வந்தார். சந்தோஷத்தில் முற்றத்தில் ஒரு சுற்று குதித்து ஆடவே செய்தார்.

வாரங்கள் ஓடின. பந்தயம் ஏற ஏறக் காத்துக் கிடக்காமல் துணிந்து இறங்கவும் குரு சொல்லிக்கொடுத்தாள். காது தன்பாட்டுக்குச் சில சங்கதிகளைப் பிடித்தது. நல்ல சீட்டு வந்தால் தங்கை மகன் தொண்டையைச் செருமுவான். அண்ணனுக்கு நல்ல சீட்டு வந்தால் பேச்சு நின்றுபோகும். மோசமான சீட்டென்றால் பேச்சு மழைதான்.

குரங்கு மட்டும் திரும்பி வரவேயில்லை.

ஒரு ஞாயிறு, ஏழு பேரும் போய் மேசையில் இரண்டே பேர் மிஞ்சினார்கள், அண்ணனும் தம்பியும். வீடே திமிலோகப்பட்டது. ஜெனோவா கரண்டியோடு ஓடி வந்து அவர் முதுகுக்குப் பின்னால் நின்றாள்.

"லேய் ததேயு," என்றார் இஞ்ஞாசி. "அன்னைக்கு ஒரு குரங்குக் கதை சொன்னேன்லா?"

"சொல்லுண்ணே!"

"கப்பல் பொறப்பட்டாச்சி. பாத்தா, இந்தப் பய கேப்டன் தொப்பிய மாட்டிக்கிட்டு உச்சாணிக் கொம்புல உக்காந்திருக்கான்..."

மணி அடித்தது. ததேயுஸ் சீட்டைப் பார்த்தார். இரண்டும் ஆஸ், அதற்கு மேல் சீட்டு கிடையாது. ஜெனோவாவின் நகம் அவர் தோளில் பதிந்தது. இஞ்ஞாசி கதையை விடாமலே மொத்தக் காயையும் முன்னால் தள்ளினார், ஆல் இன். ஒரு கணம்கூடப் பேச்சு நிற்கவில்லை. அவரிடம் ஒன்றுமில்லை.

ததேயுஸ் மைக்கை அணைத்தார்.

"அமுக்குங்க மாமா!" ஜெனோவா குதித்தாள். "பேசிட்டே இருக்காரு பாருங்க, கையில ஒண்ணும் கெடையாது! அமுக்குனா ஆட்டம் முடிஞ்சிது, ஜெயிச்சாச்சு மாமா!"

சீடர் விலகினார். மொபைலைக் கவிழ்த்து வைத்தார்.

"ரெண்டு ஆஸ்! எந்த ஊருலயாவது இத விடுவாகளா?" குருவுக்கு அழுகையே வந்துவிட்டது. "ஏன் மாமா?"

ததேயுஸ் பக்கத்து நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

"குரங்கு இன்னும் கப்பல்லருந்து எறங்கலம்மா."