வால் பார்க்கும் வேலை

"இன்னும் எத்தனை நாள் நான் வாலையே பாத்துக்கிட்டு இருக்கிறது மேடம்?"

கடாட்சம் இதைக் கேட்டபோது குரலில் கோபம் இல்லை. கோபப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டும். மூன்று வாரக் கடல் அதை வாங்கிக்கொண்டுவிட்டது.

ஜெசிந்தா பிளாஸ்கைத் திறந்து, அதன் மூடியில் டீ ஊற்றி, அவர் பக்கம் நகர்த்தினார்.

டீ ஆறிப்போயிருந்தது. கடாட்சம் குடித்தார்.

ஜெசிந்தா அந்த ஆய்வுக் கப்பலின் தலைமை ஓட்டுநர். கப்பலுக்கு அல்ல. கப்பலிலிருந்து ஆழ்கடலுக்குள் இறக்குகிற ஆளில்லா வண்டிக்கு. தூத்துக்குடிக்காரர், வயது நாற்பதை எட்டவில்லை. கடாட்சத்துக்கு ஐம்பத்து மூன்று. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தவர், விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு இதைக் கற்க வந்திருந்தார். தன்னைவிடச் சின்னவரிடம் பாடம் கேட்பதில் அவருக்குக் கூச்சமே இல்லை. வால்தான் அவருக்குக் கசந்தது.

வண்டிக்கும் கப்பலுக்கும் நடுவே ஒரு மஞ்சள் கேபிள் போகும். மின்சாரம் அதில்தான் இறங்கும், படம் அதில்தான் ஏறி வரும். கப்பலில் அதற்கு வால் என்று பெயர். விஞ்ச் என்கிற உருளை இயந்திரம் அந்த வாலை இறக்கும், சுற்றி இழுக்கும். வண்டியின் பின்பக்கம் ஒரு சின்னக் கேமரா அந்த வாலை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும். அந்தப் படம் வருகிற திரைக்கு முன்னால் ஒரு ஆள் உட்கார வேண்டும். வால் தொய்ந்தால் சொல்ல வேண்டும். எதிலாவது உரசினால் சொல்ல வேண்டும். ஒன்றும் நடக்காவிட்டால் சும்மா இருக்க வேண்டும்.

ஒன்றும் நடக்கவில்லை. மூன்று வாரமாகக் கடாட்சம் சும்மா இருந்தார்.

முன் திரையிலும் பெரிதாக ஒன்றும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவர்கள் தேடி வந்தது ஆழ்கடல் பவளம். வெயில் எட்டாத ஆழத்தில், குளிரில், இருட்டில் வளர்கிற பவளம். கடலடியில் இந்த இடத்தில் ஒரு மேடு இருக்கிறது என்று வரைபடம் சொன்னது. மேடு இருந்தது. மேட்டின் மேல் சேறு இருந்தது. காலையில் வண்டியை இறக்கினால் சேறு, சாயங்காலம் தூக்கும் வரைக்கும் சேறு. பக்கத்து அறையில் தங்கள் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஆய்வாளர்கள் முதல் வாரம் ஆர்வமாகப் பேசிக்கொண்டார்கள். இரண்டாவது வாரம் சண்டை போட்டார்கள். இப்போது அந்த அறையிலிருந்து குறட்டைச் சத்தம்கூட வந்தது.

மறுநாள் கரை திரும்ப வேண்டும். இன்றைக்கு இறக்கியிருப்பது கடைசி முறை. இந்தப் பயணத்தில் ஒருமுறையாவது கடாட்சம் வண்டியை ஓட்டி, 'இவர் தேறிட்டார்' என்று ஜெசிந்தா ஒரு வார்த்தை சொன்னால்தான் அடுத்த பயணத்தில் அவருக்கு இடம். இல்லாவிட்டால் வீடு, டிவி, மாத்திரை டப்பா.

"நான் கேட்டதுக்குப் பதில் வரல மேடம்."

"மூணு வாரமா வாலைப் பாத்து என்ன தெரிஞ்சுக்கிட்டீய?"

"மஞ்சளா இருக்குதுன்னு தெரிஞ்சுக்கிட்டேன்."

ஜெசிந்தா சிரிக்கவில்லை. அவருக்கும் அலுத்துப்போயிருந்தது. ஓட்டுநர் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"எந்திரிங்கண்ணே. அங்க நான் உக்காருதேன். நீங்க இங்க வாங்க."

கடாட்சம் ஒரு கணம் நம்பவில்லை. பிறகு, இரண்டாவது தடவை யாரும் சொல்வதற்குள் போய் உட்கார்ந்துவிட்டார்.

அந்த அறை ஒரு பழைய கன்டெய்னர். ஜன்னல் கிடையாது. வெளியே நடுப்பகல். உள்ளே கருவிகளுக்காக வைத்த ஏ.சி.யில் எல்லோரும் ஸ்வெட்டர் போட்டிருந்தார்கள்.

கடாட்சம் கைப்பிடியைப் பிடித்தார். எண்ணூறு மீட்டருக்குக் கீழே வண்டி நகர்ந்தது.

சேறு.

"என்ன மேடம், எனக்கும் இதேதானா?"

"சேறு ஆளைப் பாத்தா வரும்? ஓட்டுங்க."

ஓட்டினார். சேற்றில் ஒரு பாறை வந்தது. அதற்குப் பின்னால் இன்னொரு பாறை. பிறகு சரிவு ஒன்று செங்குத்தாக எழுந்தது. கடாட்சம் வண்டியை மெல்ல மேலே ஏற்றினார்.

வெளிச்சத்தின் ஓரத்தில் ஏதோ தெரிந்தது.

மரம்.

ஆள் உயரத்துக்கும் அதிகமாக, ஆரஞ்சு நிறத்தில், விசிறி மாதிரி கிளை விரித்து நின்றது. கிளை முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பூ. பூ இல்லை, ஒவ்வொன்றும் ஒரு உயிர், வாய் திறந்து எதற்கோ காத்திருந்தது. ஒரு நண்டு கிளைக்கு மறுபக்கம் ஒளிந்துகொண்டு எட்டிப் பார்த்தது. பிறந்த நாளிலிருந்து வெளிச்சமே பார்க்காத நண்டு.

பக்கத்து அறையில் ஒரு நாற்காலி விழுந்தது. யாரோ யாரையோ எழுப்பினார்கள். யாரோ அழுவது போலவும் இருந்தது.

பக்கத்து அறையோடு பேசச் சுவரில் வைத்திருந்த ஒலிபெருக்கி கரகரத்தது. "அந்தப் பக்கமும் காட்டுங்க. மெதுவா."

கடாட்சம் காட்டினார். மரத்தை நடுவில் வைத்துக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்தார். அந்தப் பக்கம் இன்னும் அடர்த்தியாக இருந்தது. இன்னும் கொஞ்சம் நகர்ந்தார். புறப்பட்ட இடத்துக்கே வந்தார். நிறுத்த மனம் வரவில்லை. மறுபடி ஒரு சுற்று. சந்நிதியைச் சுற்றுகிறவர் போல எதையும் யோசிக்காமல் சுற்றினார். இருபத்தெட்டு வருஷம் இரும்புப் பெட்டிகளைத் தூக்கி இறக்கிய கை, இப்படி ஒன்றுக்காகத்தான் பழகியது போலிருந்தது அவருக்கு. சந்தோஷமாக இருந்தது.

வண்டி நின்றது.

கடாட்சம் கைப்பிடியை இன்னும் தள்ளினார். வண்டி உறுமியது, நகரவில்லை. திரையில் மரம் அடியோடு ஆடியது. வெள்ளைப் பூக்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டன.

"கையை எடுங்க" என்றார் ஜெசிந்தா.

எடுத்தார்.

வால் திரையை இரண்டு பேரும் பார்த்தார்கள். மஞ்சள் கேபிள் மரத்தின் அடியைச் சுற்றி, கிளைகளுக்குள் புகுந்து, திரும்ப அடியைச் சுற்றிக் கிடந்தது.

தொலைபேசி அடித்தது. கேப்டன். அவர் எப்போதும் உரக்கப் பேசுகிறவர், எதிரில் நிற்கிறவருக்கும் கேட்கும்.

"காத்து ஏறுது. வண்டியைத் தூக்குங்க."

"வால் சிக்கிக்கிட்டு சார்."

"விஞ்ச் போட்டு இழுத்தா வராதா?"

"வண்டி வந்துரும். பவளம் ஒடிஞ்சுரும்."

"வண்டி வந்தா எனக்குப் போதும்."

"கொஞ்ச நேரம் குடுங்க சார்."

"காத்து எனக்குக் குடுத்தா, நான் உனக்குக் குடுக்கறேன்."

ஜெசிந்தா தொலைபேசியை வைத்தார்.

கடாட்சம் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "நீங்க வாங்க மேடம். இது என்னால ஆகாது."

"உக்காருங்க."

"விளையாடாதீங்க. ஒடிஞ்சா யாருக்குப் பதில் சொல்றது?"

"எப்படிச் சுத்துனீயன்னு உங்க கைக்குத்தான் தெரியும். எனக்குத் தெரியாது. உக்காருங்கண்ணே."

உட்கார்ந்தார்.

ஜெசிந்தா தன் ஸ்வெட்டரைக் கழற்றினார். அதை முன் திரையின் மேல் போர்த்தினார். மரம் மறைந்தது. வால் திரையைத் திருப்பிக் கடாட்சத்தின் முகத்துக்கு நேராக வைத்தார்.

"குருடா ஓட்டச் சொல்றீங்களா?"

"அதைப் பாத்தா உங்க கை நிக்காது. மூணு வாரமா எதைப் பாத்தீயளோ அதைப் பாருங்க."

கடாட்சம் வாலைப் பார்த்தார். கைப்பிடியை வந்த வழிக்கு எதிராக ஒரு நூல் அளவு சாய்த்தார்.

வண்டி நகர்ந்தது.

"தொய்யுது" என்றார், ஜெசிந்தா சொல்வதற்கு முன்னால். நிறுத்தினார். கேபிள் தானாக மேலே எழும்பும்வரை காத்திருந்தார். பிறகு நகர்ந்தார்.

"இடது பக்கம் உரசுது." நிறுத்தினார்.

ஏ.சி. குளிரில் அவர் கழுத்தில் வியர்வை வடிந்தது. ஸ்வெட்டர் இல்லாமல் ஜெசிந்தா கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். கப்பல் ஆட ஆரம்பித்திருந்தது. டீ மூடி மேஜையிலிருந்து உருண்டு கீழே விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

ஒரு சுற்று அவிழ்ந்தது.

தொலைபேசி அடித்தது. ஜெசிந்தா எடுக்கவில்லை.

இரண்டாவது சுற்று அவிழும்போது கேபிள் ஒரு கிளை நுனியில் மாட்டியது. கடாட்சம் நிறுத்தினார். காத்திருந்தார். மேலே ஒரு பெரிய அலை கப்பலைத் தூக்கியது. கேபிள் வெடுக்கென்று இழுபட்டது.

கிளை நுனி ஒடிந்தது. விரல் நீளம் இருக்கும். வால் கேமராவின் வெளிச்சத்தில், அவசரமே இல்லாமல், சுழன்று சுழன்று கீழே போயிற்று.

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ "ச்சு" என்றார்கள்.

கேபிள் விடுபட்டது.

"தூக்குங்க" என்று ஜெசிந்தா தொலைபேசியில் சொன்னார். விஞ்ச் சுற்றத் தொடங்கியது.

வண்டி மேலே வர ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். ஜெசிந்தா முன் திரையிலிருந்து ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டார். திரையில் கறுப்பு. கறுப்பில் வெள்ளைத் துகள்கள் கீழ்நோக்கிப் போய்க்கொண்டிருந்தன.

"ஒடிஞ்சது எத்தனை வருஷத்து வளர்ச்சி?" கடாட்சம் ஒலிபெருக்கியிடம் கேட்டார்.

"நம்ம தாத்தா காலம் இருக்கும் சார்" என்றது அது. "மரம் நிக்குது. அதை நினைச்சுக்கங்க."

கடாட்சத்தால் அப்படி நினைக்க முடியவில்லை. அந்த விரல் நீளத் துண்டையே நினைத்துக்கொண்டிருந்தார். இனி அடுத்த பயணம் கிடையாது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. அதற்காக வருத்தப்படக்கூட உடம்பில் சத்து இல்லை. ஆனால் மனசில் ஒன்று தெளிந்திருந்தது, அதை மட்டும் சொல்லிவிட வேண்டும் போலிருந்தது.

"மேடம். ஒண்ணு சொல்லணும்."

"ம்."

"நான் சுத்தறப்போ நீங்க வாலுக்கு முன்னாடிதான் இருந்தீங்க. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் நின்னிருப்பேன்."

ஜெசிந்தா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க சொல்லல. இவனே பட்டுத் தெரிஞ்சுக்கட்டும்னு விட்டீங்க. வாலைப் பாக்கற வேலை எவ்வளவு பெரிய வேலைன்னு வாயால சொல்லியிருந்தா எனக்கு ஏறியிருக்காது. இப்ப ஏறிடுச்சு. நானா இருந்தா பயந்து கத்தியிருப்பேன். உங்களுக்குப் பெரிய மனசு."

ஜெசிந்தா ஒன்றும் சொல்லவில்லை.

கற்றுக்கொடுக்கிறவர்கள் பேசாமல் இருந்தால் அதற்குள் ஏதோ ஆழம் இருக்கிறது என்று நினைப்பது கற்றுக்கொள்கிறவர்களின் வழக்கம். கடாட்சமும் அப்படித்தான் நினைத்தார். இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு மரியாதையாக உட்கார்ந்திருந்தார்.

தொலைபேசி அடித்தது.

"வண்டி முழுசா வருதா?" கேப்டன் குரல் வெளியே வழிந்தது.

"வருது சார்."

"யார் தப்பு? ரிப்போர்ட்ல ஒரு பேர் போடணும். பேர் போட்ட ஆளை அடுத்த தடவை நான் ஏத்த மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

கடாட்சம் எழுந்து தொலைபேசிக்குக் கை நீட்டினார். "குடுங்க மேடம். நானே சொல்லிடறேன். சுத்தினது நான்தானே."

ஜெசிந்தா கொடுக்கவில்லை.

"ஜெசிந்தான்னு போடுங்க சார்."

"என்னது?"

"வால் என்கிட்ட இருந்துச்சு. நான் பாக்கல."

கேப்டன் என்னவோ கத்தினார். ஜெசிந்தா கடைசிவரை கேட்டுவிட்டு, "சரி சார்" என்று சொல்லித் தொலைபேசியை வைத்தார்.

கடாட்சம் நீட்டிய கையை இன்னும் மடக்கவில்லை.

"எனக்காகப் பொய் சொல்றீங்க."

"இல்லண்ணே."

"அப்ப, எனக்குப் புரியட்டும்னு நீங்க விட்டுப் பாக்கல?"

"இல்ல."

"பின்ன வாலைப் பாக்காம எதைப் பாத்துக்கிட்டிருந்தீங்க மேடம்?"

"உங்க தோளுக்கு மேல அதையேதான் பாத்துக்கிட்டிருந்தேன்" என்றார் ஜெசிந்தா. "அழகா இருந்துச்சுண்ணே."