பொட்டு வளர்ந்த கதை

ஆவாரங்குளத்தின் கரையில் மிளகன் என்ற முயலும் அவன் மனைவி பூவாத்தாளும் மூன்று குட்டிகளோடு ஒரு வளையில் வாழ்ந்தார்கள்.

ஒரு நாள் காலை அந்த வழியாகப் போன ஆட்டுமந்தையிலிருந்து ஒரு காவல்நாய்க் குட்டி வழிதவறிப் பின்தங்கிவிட்டது. முயல் அளவுதான் இருந்தது. பாதங்கள் மட்டும் அல்லி இலை மாதிரி அகலம்.

"அப்பா, இதை நாமே வளர்க்கலாம்," என்று முயல்குட்டிகள் குதித்தன.

பக்கத்துக் கோரைப்புதரில் குடியிருந்த நீர்க்கோழி எட்டிப் பார்த்தது. "பாதத்தைப் பார்த்தீர்களா? உடம்பு இன்னும் நிறைய வரவேண்டியிருக்கிறது."

"வந்தால் வரட்டும் அக்கா," என்றான் மிளகன். குட்டிக்குப் பொட்டு என்று பெயர் வைத்தார்கள்.

பொட்டு புல் தின்னவில்லை. மிளகன் குளத்தில் மீன் பிடித்து வாழும் நீர்நாயிடம் ஓடினான். "அண்ணே, உங்கள் பெயரிலும் நாய் இருக்கிறது. சொந்தக்காரப் பிள்ளைக்குத் தினமும் நாலு மீன் கொடுக்கக் கூடாதா?"

நீர்நாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சிரித்து முடிப்பதற்குள் சம்மதித்துவிட்டது.

யார் வந்தாலும் பொட்டு ஓடிப்போய் மேலே தாவும். முயல்கள் மல்லாக்க விழுந்து சிரிக்கும். "இன்னொரு தடவை!" என்று மிளகன் கைதட்டுவான்.

பொட்டு வளர்ந்தான். முதலில் வளைக்குள் முழுசாகப் படுத்தான். பிறகு பாதி உடம்பு வெளியே கிடந்தது. கடைசியில் மூக்கை மட்டும் உள்ளே நீட்டித் தூங்கினான். அவன் ஒரு பெருமூச்சு விட்டால் ஐந்து முயல்களும் மறுசுவரில் போய் ஒட்டிக்கொள்ளும். அதற்கும் சிரித்தார்கள்.

ஒரு நாள் நீர்க்கோழி கூட்டில் அமர்ந்து ஆறு முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த சந்தோஷத்தில் பொட்டு ஒரே தாவலாகத் தாவினான். பக்கத்தில் நின்ற பூவாத்தாள் இடிபட்டுக் குளத்தில் போய் விழுந்தாள். கூடு கவிழ்ந்து முட்டைகள் நாலாபக்கமும் உருண்டன. நீரில் விழப்போன கடைசி முட்டையை நீர்நாய் பாய்ந்து பிடித்தது.

நீர்க்கோழி சிறகை அடித்துக்கொண்டு கத்தியது. "இவன் இங்கே இருந்தால் என் பிள்ளைகள் பிழைக்க மாட்டார்கள். நாளைக்கே அனுப்பிவிடுங்கள்."

மிளகன் பொட்டுவைப் பார்த்துக் கத்தினான். "ஏன்டா இப்படித் தாவுகிறாய்?"

பொட்டு விழித்தான். "தாவினால்தானே அப்பா நீங்கள் கைதட்டுவீர்கள்?"

மிளகன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். உடம்பெல்லாம் நீர் சொட்ட நின்ற பூவாத்தாள்தான் சொன்னாள்: "அக்கா, தப்பு எங்களுடையது. பத்து நாள் கொடுங்கள். திருந்தாவிட்டால் அவனோடு நாங்களும் கிளம்புகிறோம்."

"பத்தே நாள்தான்," என்று சொல்லி நீர்க்கோழி முட்டைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தது.

அன்றே பாடம் தொடங்கியது. பொட்டு தாவினால் ஐந்து முயல்களும் முதுகைக் காட்டி நிற்கும். நான்கு காலும் தரையில் இருந்தால் ஓடிவந்து காதைச் சொறிந்துவிடும். பொட்டு சீக்கிரம் பிடித்துக்கொண்டான். மிளகனுக்குத்தான் கஷ்டமாக இருந்தது. மூன்றாம் நாளே புதர் மறைவில், "ஒரே ஒரு தாவல், அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்," என்று கிசுகிசுத்துப் பூவாத்தாளிடம் மாட்டிக்கொண்டான். அன்று மாலைவரை எல்லோரும் அவனுக்கு முதுகைக் காட்டினார்கள். பொட்டும்தான்.

பத்தாம் நாள் முட்டைகள் பொரிந்தன. ஆறு கறுப்புக் குஞ்சுகளும் நீர்க்கோழியின் பிடியில் நிற்காமல் நேராகப் பொட்டுவிடம் ஓடின. "ஐயோ, என் பிள்ளைகள்!" என்று அது அலறியது.

பொட்டுவின் வால் சுழன்றது. காது துடித்தது. உடம்பு முழுக்கக் குலுங்கியது. ஆனால் கால்கள் தரையை விடவில்லை. மெல்லக் கீழே படுத்துக் கண்ணை இறுக மூடிக்கொண்டான். குஞ்சுகள் அவன் முதுகில் ஏறி, கழுத்து வழியாகச் சறுக்கி, மறுபடியும் ஏறின.

நீர்க்கோழி ஓடிவந்து குஞ்சுகளை ஒவ்வொன்றாக எண்ணியது; ஆறும் பத்திரமாக இருந்தன. பிறகு மிளகனிடம் திரும்பியது. "நாளைக்கு நான் இரை தேடப் போக வேண்டும். இவனைக் கொஞ்சம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்வீர்களா?"

ஒரு குட்டியை வீட்டுக்குக் கொண்டுவருகிறவர்கள், அது சிறிதாக இருக்கும்போது கைதட்டி ரசிப்பதெல்லாம் அதனோடு சேர்ந்து வளரும் என்பதை அறிந்து, அன்போடு அடக்கத்தையும் முதல் நாளிலிருந்தே சொல்லித்தர வேண்டும்.