மை பூசாத ஓலைகள்

முன்னொரு காலத்தில், அடைமழை பிடித்துக்கொண்டதால் போருக்கும் போக முடியாமல், வேட்டைக்கும் போக முடியாமல், அரண்மனைக்குள் அடைக்கோழி மாதிரி உட்கார்ந்திருந்த ஒரு ராஜாவுக்குக் கவிதை வந்தது. சளி வருகிற மாதிரிதான் வந்தது, கண்ணுகளா. பிடித்தால் விடவில்லை.

கட்டிக்கொடுத்த மகள் வளைகாப்புக்கு வருகிறாள். சம்பந்தி வீட்டார் முன்னால் அவளைப் பற்றிப் பாட வேண்டும் என்று ராஜாவுக்கு ஆசை. ஆசை நல்லதுதான். ஆனால் மகளைப் பற்றித் தொடங்கியவர் தன்னைப் பற்றிப் போய், தன் யானையைப் பற்றிப் போய், சுவடி தலையணை கனத்துக்கு வந்த பிறகுதான் எழுத்தாணியைக் கீழே வைத்தார். மறுநாளே அவையில் மனப்பாடமாக முழங்கினார்.

"சூரியனே, வந்தென் காலைக் கழுவு! சந்திரனே, நின்றென் முதுகைத் தேய்!"

"ஆகா! ஓர் எழுத்தைத் தொட முடியுமா!" என்று உருகினார் அவைப்புலவர் அகளங்கனார். இப்படி உருகி உருகியே நெய்க்குடம் போல ஆனவர் அவர்.

அந்த நேரம் பார்த்து அரண்மனை விகடகவி சாத்தப்பனுக்குக் கொட்டாவி வந்தது. மேல்துண்டால் வாயைப் பொத்தினான். தாடை 'மளுக்' என்றது.

"என்ன சாத்தப்பா, தூக்கமோ?" ராஜாவின் மீசை துடித்தது.

"இல்லை பிரபு. இதற்குள்ளே எங்கேயோ ஒரு நல்ல பாட்டு இருக்கிறது. வெளியே வர வழி தெரியாமல் அது கொட்டாவி விட்டது. துணைக்கு நானும் விட்டேன்."

"அப்படியானால் நீயே திருத்து!"

அகளங்கனார் விடுவாரா? "திருத்தட்டும் மன்னா. ஆனால் தங்கள் திருக்கரம் கீறிய எழுத்தில் ஒன்றைக்கூட அழிக்கக் கூடாது. ஒன்றைக்கூடச் சேர்க்கக் கூடாது. இடம் மாற்றவும் கூடாது. முடியாவிட்டால், சுவடி மொத்தத்தையும் மென்று தின்றுவிட்டு நாட்டின் எல்லையைத் தாண்டட்டும்."

ராஜா தலையாட்டிவிட்டார். அந்த ஊரை விட்டால் சாத்தப்பனுக்கு வேறு ஊர் ஏது?

அகளங்கனார் அதோடும் நிற்கவில்லை. எழுத்தாணியால் கீறினால் ஓலையில் வெறும் கோடுதான் விழும். விளக்குக்கரியை எண்ணெயில் குழைத்துத் தேய்த்து, துணியால் துடைத்தால்தான் கோட்டுக்குள் மை தங்கி எழுத்து கண்ணுக்குத் தெரியும். அந்த வேலை அவைப்புலவருடையது. 'படிக்க முடியாமல் திண்டாடட்டும்' என்று மை பூசாமலே சுவடியைக் கொடுத்தனுப்பினார்.

மறுநாள் காலை சாத்தப்பன் முற்றத்தில் உட்கார்ந்து, ஒவ்வோர் ஓலையாகச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி பூவாத்தாள் எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, வெத்து ஓலைய வெச்சுக்கிட்டு என்ன பண்றீங்க?"

"வெத்து ஓலை இல்லடி. ராஜா எழுதின கவிதை."

"அப்ப வெத்து ஓலைதான்."

சாத்தப்பன் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. ஓலையைப் பார்த்தான், பூவாத்தாளைப் பார்த்தான், மறுபடி ஓலையைப் பார்த்தான்.

"அடியே, சுண்டைக்காய் அளவு மை குழைச்சுக் கொடு."

"இத்தனை ஓலைக்கு அது காணுமா?"

"மிஞ்சும் பாரு!"

வளைகாப்பு நாள் வந்தது. மகள் நிறைவயிற்றோடு அப்பாவின் பக்கத்தில் அமர்ந்திருந்தாள். சம்பந்திகள் நீண்ட பாட்டுக்குத் தயாராகத் திண்டில் சாய்ந்துகொண்டார்கள். சாத்தப்பன் சுவடியை அகளங்கனாரிடமே நீட்டினான்.

"திருத்திவிட்டேன். புலவர் வாயால் வரட்டும்."

அகளங்கனார் முதல் ஓலையைப் பார்த்தார். ஒன்றும் இல்லை. அடுத்ததைப் புரட்டினார். அதிலும் இல்லை. புரட்டினார், புரட்டினார், நெற்றி வியர்த்தது. நடுவில் ஓர் ஓலையில் மட்டும் கறுகறுவென்று நாலு வரி. வேறு வழியில்லாமல் படித்தார்:

"கொலுசு இறங்கிப் போன படியில்
கால்வைக்கத் தயங்கினேன் மகளே;
கோட்டை ஏழும் பிடித்த கையால்
கதவைச் சாத்த முடியவில்லை."

சாய்ந்திருந்த சம்பந்தி நிமிர்ந்து உட்கார்ந்தார். மகள் மெல்லக் கேட்டாள்: "அப்பா, கல்யாணமாகி நான் இறங்கிப் போன தெற்கு வாசல் படிதானே?"

ராஜா மூக்கை உறிஞ்சினார்.

"மோசடி!" என்று கத்தினார் அகளங்கனார். "மன்னரின் எழுத்தை எல்லாம் அழித்துவிட்டான்!"

"விரலால் தடவிப் பாருங்கள் பிரபு," என்றான் சாத்தப்பன்.

ராஜா ஓலைகளை வாங்கித் தடவினார். சூரியன் இருந்தான், சந்திரன் இருந்தான், யானை தும்பிக்கை முதல் வால் வரை இருந்தது.

"ஒன்றும் அழிக்கவில்லை. ஒன்றும் சேர்க்கவில்லை. இடமும் மாற்றவில்லை. எதற்கு மை வேண்டுமோ அதற்கு மட்டும் பூசினேன். போதாது என்றால் மை மிச்சம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் பூசித் தருகிறேன். புலவர் இப்போதே முழுவதையும் படிக்கட்டும்."

"ஐயோ, வேண்டாம்ப்பா!" என்றாள் மகள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

ராஜா வெடித்துச் சிரித்தார். மீசையில் கண்ணீர் வழிய வழியச் சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றிச் சாத்தப்பன் தலை வழியாகப் போட்டார். "இனி என் அரண்மனையில் எவன் எழுதினாலும், நான் எழுதினாலும், மை பூசுகிறவன் நீதான்! அகளங்கனாரே, ஓர் எழுத்தைத் தொட முடியாது என்றீர் அல்லவா? இதையெல்லாம் தடவித் தடவி என் பட்டத்து யானைக்குப் படித்துக் காட்டும். அதைப் பற்றியும் நிறைய வருகிறது."

யானை முதல் ஓலையிலேயே தூங்கிவிட்டதாம். அந்த அரண்மனைச் சுவடிகளில் இன்றைக்கும் வெற்றோலைதான் அதிகம் என்கிறார்கள். எப்போதாவது உங்கள் கையில் கிடைத்தால் தடவிப் பார்க்காதீர்கள், என் செல்லங்களா. கொட்டாவி வரும்.