முடிச்சு விட்ருங்க

"கொல்லலாமா, தாயே?" என்று கேட்டார் கொண்டல்சாமி.

வெயிலுகந்தாள் புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"யாரை?"

"சுடலைமாடனை."

"என்ன செஞ்சாரு? கடிச்சு வச்சுட்டாரா?"

"விளையாட்டு இல்ல, தாயே. அவரே கேக்காரு."

அவள் கை நின்றது.

சுனையடி மடத்துக்கு வருகிறவர்கள் முதலில் கொண்டல்சாமியின் காலில்தான் விழுவார்கள். அறுபது வயது, வெள்ளைத் தாடி, நெற்றி நிறையத் திருநீறு. குரு என்றால் இப்படித்தானே இருக்கவேண்டும்? விழுந்து எழுந்தவர்களிடம் அவர், "குரு அங்க இருக்காங்க" என்று அடுப்படியைக் காட்டுவார். அங்கே நாற்பது வயதுகூட ஆகாத ஒரு பெண் கீரையோ புளியோ ஆய்ந்துகொண்டிருப்பாள். வந்தவர்களுக்குச் சப்பென்று ஆகிவிடும். கொண்டல்சாமிக்கும் முதல் நாள் அப்படித்தான் ஆனது.

அவர் ஊர் ஊராகப் போய் நாடி பார்த்த வைத்தியர். தன் மருந்துக்கு அடங்காதவர்களை எல்லாம் இந்த மடத்துக்கு அனுப்பி அனுப்பி, கடைசியில் தானும் வந்து தங்கிவிட்டார். பிழைக்க வழியில்லாதவர்கள் வரும் இடம் இது. பிழைக்க வைக்கிறோம் என்று இங்கே யாரும் பொய் சொல்வதில்லை.

சுடலைமாடன் பார வண்டிக்காரர். அவர் கட்டிய பாரம் மலைப்பாதையிலும் அசையாது என்று பேர் எடுத்தவர். முதுகெலும்பில் புற்று வந்து, இப்போது அவராலேயே அசைய முடியவில்லை.

"என்னன்னு கேட்டாரு? அவரு வார்த்தையிலயே சொல்லுங்க" என்றாள் வெயிலுகந்தாள்.

"'தாங்க முடியல வைத்தியரே, முடிச்சு விட்ருங்க'ன்னாரு. தினமும் இதே பேச்சுதான். வலிக்குக் குடுக்கிற அபின் உருண்டையில கொஞ்சம் கூடக் குடுத்தா தூங்கிருவாரு. எந்திரிக்க மாட்டாரு. அவரு உசுரு, அவரு கேக்காரு. மாட்டேன்னு சொல்ல நாம யாரு, தாயே?"

லேசான கேள்வி இல்லை. அவரும் லேசாகக் கேட்கவில்லை. கண் கலங்கியிருந்தது. பேசும்போதெல்லாம் அவர் விரல்கள் வேட்டி முனையில் இருந்த ஒரு சின்ன முடிச்சை நெருடிக்கொண்டே இருந்தன. வெயிலுகந்தாள் அதைப் பார்த்தாள். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"கேட்டதைக் குடுக்கத்தான் வேணும்" என்றாள். "முடிச்சு விடச் சொன்னாரு, இல்லையா?"

"ஆமா."

"முடிச்சு எங்க இருக்குன்னு பாத்தீங்களா?"

கொண்டல்சாமி இலக்கணம் கற்றவர். அவருக்குக் கோபம் வந்தது.

"அந்த முடிச்சு வேற, இந்த முடிச்சு வேற, தாயே. கயித்துல விழுறது பெயர்ச்சொல். அவரு சொன்னது வினையெச்சம். 'முடித்து' என்பதைத்தான் பேச்சில 'முடிச்சு'ங்கோம்."

"சுடலைமாடன் இலக்கணம் படிச்சிருக்காரா?"

"இல்ல."

"அப்ப ரெண்டையும் பாத்துருவோம்."

கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள்.

சுடலைமாடன் தன் வீட்டுக் கயிற்றுக் கட்டிலில்தான் கிடந்தார். அதைத் தூக்கிக்கொண்டு வந்தால்தான் வருவேன் என்று அடம்பிடித்து வந்த மனிதர். வெயிலுகந்தாள் அவர் முதுகுக்கும் போர்வைக்கும் நடுவில் மெல்லக் கையை நுழைத்தாள். பாதி முதுகு தாண்டியதும் கை நின்றது.

"இது என்னது?"

இருவரும் சேர்ந்து அவரைத் தூக்கிப் பாயில் கிடத்தினார்கள். போர்வையை எடுத்தால், கட்டிலின் நட்டநடுவில் எலுமிச்சங்காய் அளவுக்கு ஒரு முடிச்சு. கயிறு எப்போதோ அறுந்திருக்கிறது. யாரோ அவசரத்தில் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். அந்த முடிச்சுக்கு நேரே சுடலைமாடனின் முதுகு கன்னிப் புண்ணாகிக் கிடந்தது.

"போர்வை விரிச்சது நான்தான். கவனிக்கல" என்றார் கொண்டல்சாமி. முடிச்சை அமுக்கிப் பார்த்துவிட்டு, "ஆனாலும் ஒரு முடிச்சுக்காகவா ஒருத்தர் சாவைக் கேப்பாரு, தாயே?" என்றார்.

"படுத்துப் பாருங்க."

"நானா?"

"நீங்கதான். அசையக் கூடாது. அவரால அசைய முடியாது. நீங்களும் அசையாதீங்க."

அவரைப் படுக்க வைத்துவிட்டு அவள் கஞ்சி கிண்டப் போய்விட்டாள்.

கஞ்சி கொதி வருவதற்குள் குரல் வந்தது.

"தாயே!"

"என்ன?"

"முடியல."

அவள் அகப்பையும் கையுமாக வந்து கட்டிலருகே நின்றாள்.

"அப்ப உங்களையும் முடிச்சு விட்ரட்டுமா?"

பாயில் கிடந்த சுடலைமாடன் சிரித்தார். சிரித்தால் அவருக்கு வலிக்கும். வலித்தது. ஆனாலும் சிரித்தார்.

அன்றே கட்டிலில் இலவம்பஞ்சு மெத்தை ஏறியது. புண்ணைக் கழுவிக் கட்டினார்கள். வெயிலுகந்தாள் அடுத்த கேள்வியைக் கேட்டாள்.

"அபின் உருண்டை எப்ப குடுக்கீங்க?"

"வலி வந்து கத்தும்போது."

"கத்துறதுக்கு முந்தியே குடுத்தா என்ன?"

"பழகிப்போயிரும்னு ஏட்டுல இருக்கு."

"பழகட்டுமே. இவரு என்ன, நாளைக்குப் பொண்ணு பாக்கவா போறாரு? பந்தியில மொதல்ல போய் எடம் பிடிக்கோம்லா, அது மாதிரி வலி வாரதுக்கு முந்தி மருந்து போய் உக்காந்திருக்கணும். வலி அடங்குற அளவு குடுங்க. அதுக்கு மேல வேண்டாம்."

"சாகடிக்கிற மருந்தும் இதுதானே, தாயே?"

"அருவாமனையும் ஒண்ணுதான். நான் அதுல காய்தான் நறுக்குதேன்."

மருந்து கேட்காமலே வந்தது. சுடலைமாடன் பல நாளுக்குப் பிறகு மத்தியானம் முழுக்கத் தூங்கினார்.

மறுநாள் காலையில் கொண்டல்சாமி ஆசையோடு போய்க் கேட்டார்.

"வலி எப்படி இருக்கு?"

"இருக்கு, வைத்தியரே. ஆனா தூரத்துல இருக்கு. பக்கத்து ஊர்ல கொட்டு அடிக்காப்ல."

"அப்பாடா."

சுடலைமாடன் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"முடிச்சு விட்ருங்க."

கொண்டல்சாமி அடுப்படிக்கு ஓடினார்.

"தாயே, வலி அடங்கிருச்சு. ஆனா இன்னும் கேக்காரு! இப்ப என்ன சொல்லுதீங்க?"

"முடிச்சு ஒண்ணுதான் இருக்கும்னு யாரு சொன்னா?"

"கட்டில் முழுக்கத் தடவிப் பாத்துட்டேன்."

"கட்டில்ல இருக்காது. அவருகிட்ட கேளுங்க."

"என்னன்னு?"

"யாருக்காகன்னு."

நாடி பிடித்தே பழகிய வைத்தியருக்கு நோயாளியிடம் கேள்வி கேட்பது என்றால் கொஞ்சம் கௌரவக் குறைச்சல். இருந்தாலும் போய்க் கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"முடிச்சு விடச் சொல்லுதீங்களே. யாருக்காக?"

கொண்டல்சாமி எழுந்திருக்கவில்லை. வெயில் ஜன்னலைவிட்டு நகர்ந்து தரைக்கு வந்தது.

"எம் மகனுக்காக."

"மகன் கேட்டானா?"

"வாய்விட்டு எவன் கேப்பான்? தினமும் இளநீ கொண்டாந்து வாசப்படியில வச்சுட்டுப் போறான். நேத்து நல்லெண்ணெயும் வச்சிருக்கான். நீங்கதான் எங்கிட்ட சொன்னீங்க. எனக்கு விளங்காதா, வைத்தியரே?"

கொண்டல்சாமிக்கு விளங்கியது. அந்தப் பக்கத்தில் சில ஊர்களில் ஒரு வழக்கம் உண்டு. வயசாளி ரொம்ப நாள் இழுத்துக்கொண்டு கிடந்தால், ஒரு விடியற்காலையில் உடம்பு முழுக்க நல்லெண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றுவார்கள். பிறகு இளநீராகக் கொடுப்பார்கள். உடம்பு குளிர்ந்து, காய்ச்சல் கண்டு, கதை முடிந்துவிடும். யாரும் அதைக் கொலை என்று சொல்வதில்லை. தலைக்கு ஊத்தினோம் என்று மட்டும் சொல்வார்கள். நல்ல நாளில் குளிப்பாட்டுவதற்கும் அந்த ஊர்களில் அதே பேச்சுதான்.

"அவன் கையால வேண்டாம்" என்றார் சுடலைமாடன். "பெத்தவனுக்குத் தலைக்கு ஊத்துன பாவம் அவனுக்கு எதுக்கு? நாளைக்கு அவனும் பிள்ளை குட்டியோட வாழணும்லா. நீங்க முடிச்சு விட்ருங்க. அவன் நல்லா இருக்கட்டும்."

கொண்டல்சாமியின் கை தானாக வேட்டி முனைக்குப் போனது. அங்கே முடிந்து வைத்திருந்தது அபின் உருண்டைகளைத்தான். குருவிடம் கேட்க வருவதற்கு முன்பே எடுத்து வைத்துவிட்டார். குரு சரி என்று சொல்லியிருந்தால் நேற்றே கொடுத்திருப்பார். புண்ணியம் செய்ததாக நினைத்து நிம்மதியாகத் தூங்கியும் இருப்பார்.

அந்த முடிச்சை அவிழ்க்க அவருக்கு நேரம் பிடித்தது. உருண்டைகளை ஜாடியில் திரும்பப் போட்டுவிட்டு வாசலுக்குப் போனார்.

மகன் இசக்கிமுத்து அப்போதுதான் இரண்டு இளநீரைப் படியில் வைத்துக்கொண்டிருந்தான்.

"ஏன்டே, உள்ள வர மாட்டியா?"

"நான் வந்தா அப்பா தலையைச் சுவத்துப் பக்கம் திருப்பிக்கிடுதாரு. எம் மூஞ்சியப் பாக்கவே அவருக்குப் பிடிக்கல போல."

"இளநீ எதுக்கு?"

"வேற எதுவும் அவரு தொண்டையில எறங்கலையே, ஐயா."

"நல்லெண்ணெய்?"

"காலு வறண்டு வெடிச்சுக் கெடந்துச்சு. இங்க யாராச்சும் தேச்சு விடுவீங்கன்னு..."

கொண்டல்சாமி அவனையே பார்த்தார்.

"நல்லெண்ணெய். இளநீ. உங்க ஊரு ஆளு ஒருத்தருக்கு. யோசிச்சுப் பாரு."

இசக்கிமுத்து யோசித்தான். அவன் முகம் செத்துப்போனது. ஓர் இளநீர் அவன் கால் பட்டுப் படியிறங்கி உருண்டது. இன்னொன்றைக் கையில் பிடித்தபடியே உள்ளே ஓடினான்.

"யப்பா! என்னையா அப்படி நினைச்சீங்க? என்னையா?"

"நான் எங்கலே நினைச்சேன்? உன் இளநீ நினைக்க வச்சுது."

அவன் அழுதான். வளர்ந்த ஆண்பிள்ளை அப்படி அழுது மடத்தில் யாரும் பார்த்ததில்லை. அழுதுகொண்டே அரிவாளைத் தேடி எடுத்து, இளநீரைச் சீவி, "பாருங்க, நானே குடிக்கேன், பாருங்க" என்று மடமடவென்று குடித்தான். நெஞ்செல்லாம் வழிந்தது.

"லேய்" என்றார் சுடலைமாடன். "எனக்குக் கொஞ்சம் வையி."

மிச்சத்தைக் குடித்து முடித்ததும் அவர் கேட்டார்.

"கட்டில்ல முடிச்சு போட்டது நீதானா?"

"ஆமா. உங்களைத் தூக்கிட்டு வாரப்ப அறுந்துட்டு."

"பாரம் கட்டுறவன் மகன் போடுற முடிச்சாலே அது? பாரம் உக்காருற பக்கம் முடிச்சு வரலாமா? கயித்தைக் கொண்டா இங்க."

அதன் பிறகு சுடலைமாடன் மழைக்காலம் வரை இருந்தார். எல்லா நாளும் நல்ல நாளாக இல்லை. சில நாள் உருண்டைக்கும் அடங்காத வலி வந்தது. அன்று மருந்தின் அளவை மாற்றினார்கள். அது வேலை செய்கிறவரை மகன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தாங்க முடியல என்று அவர் அப்போதும் சொன்னார். அதற்கு அடுத்த வார்த்தையை மட்டும் சொல்லவில்லை.

சுனை நிரம்பி வழிந்த ஒரு காலையில் கொண்டல்சாமி அடுப்படிக்கு வந்தார். வெயிலுகந்தாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"சுடலைமாடன் போயிட்டாரு, தாயே. மகன் கால்ல எண்ணெய் தேச்சுக்கிட்டு இருந்தான். அப்படியே போயிட்டாரு."

அவள் தலை நிமிரவில்லை.

"முடிச்சது யாரு?"

கொண்டல்சாமி வேட்டி முனையைத் தொட்டுப் பார்த்தார். வெறும் துணி.

"யாரும் முடிக்கல, தாயே. அவிழ்ந்துருச்சு."