எந்தக் கிட்டாரில் கோளாறு

பாளையங்கோட்டையில் கிட்டார் சொல்லிக்கொடுக்கும் ஹெப்சிபாவுக்கு முப்பத்தொரு வயது. அவரிடம் கற்றுக்கொள்ளும் கோமதிநாயகத்துக்கு ஐம்பத்தாறு. குரு சீடரை அண்ணாச்சி என்பார், சீடர் குருவை டீச்சர் என்பார். நான்கு வருடமாக இந்த ஏற்பாட்டில் இருவருக்கும் ஒரு சங்கடமும் வந்ததில்லை.

ஒரு சனிக்கிழமை காலை கோமதிநாயகம் இரண்டு தோளிலும் இரண்டு கிட்டார்களை மாட்டிக்கொண்டு மாடிப்படி ஏறி வந்தார். இரண்டில் ஒன்றிலாவது கோளாறு இருக்க வேண்டும் என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டே வந்தார். கிட்டார் வாங்குகிற எவரும் இப்படி வேண்டிக்கொள்ள மாட்டார்கள். அவருடைய நெருக்கடி அப்படி.

அவருடைய பழைய கிட்டார் சின்னக் கூடு கொண்டது, மடிக்கு அடக்கமானது, தவிட்டு நிறம். ஆறு மாதமாக அதில் ஓர் இடத்தில் கம்பியை அழுத்தி மீட்டினால் கிர்ரென்று இரைச்சல் கேட்டது. முதலில் கம்பிகளை மாற்றினார். பிறகு உட்காரும் நாற்காலியை மாற்றினார். மழைக்காலம் அல்லவா என்றார். மழை விட்டதும் வெயிலைக் குறை சொன்னார். ஜங்ஷனில் கிட்டார் பழுது பார்க்கிறவரிடம் மூன்று தடவை கொண்டுபோய்க் காட்டினார். மூன்று தடவையும் அந்த மனிதர் வாசித்துப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லையே சார் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அவருக்குக் காது போதாது என்று கோமதிநாயகம் முடிவுகட்டினார்.

இரண்டு வாரத்துக்கு முன் டீச்சர்தான், வேறொரு கிட்டாரில் வாசித்துப் பாருங்களேன் என்று மெதுவாகச் சொன்னார். கோமதிநாயகத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவருக்குத் தொழில் பல்செட் செய்வது. கிட்டார் கடைக்காரரின் அம்மா முறுக்குக் கடிப்பதே அவர் செய்துகொடுத்த பல்லில்தான். அந்தப் பழக்கத்தில் கடைக்காரர் அதே அளவில், அதே அமைப்பில், முகப்பலகை மட்டும் வெளிர்நிறமான கிட்டார் ஒன்றைக் கையில் கொடுத்து, பத்து நாள் வைத்து வாசியுங்கள், பிடித்தால் பேசிக்கொள்ளலாம் என்று அனுப்பிவைத்தார்.

டீச்சர் எதிரே உட்கார்ந்ததும் கோமதிநாயகம் ஒரு நோட்டைப் பிரித்தார். ஒப்பிட்டுப் பார்ப்பதில் மனிதர் ஒரு குறையும் வைக்கவில்லை. பழையதில் தடித்த கம்பிகள் நிதானமாக, அடித்தொண்டையில் பேசுகின்றன. புதியதில் மெல்லிய கம்பிகள் பளிச்சென்று முன்னால் வந்து நிற்கின்றன. பழையதின் கழுத்து உள்ளங்கையை நிறைக்கிறது. புதியதின் கழுத்து ஒல்லி, கை சுலபமாக ஓடுகிறது. தனியாக உட்கார்ந்து வாசிக்கப் பழையது சுகம், நாலு பேருக்கு நடுவில் கேட்க வேண்டுமானால் புதியது. இப்படி மூன்று பக்கம்.

ஹெப்சிபா குறுக்கே பேசாமல் கேட்டார். எழுதியிருந்ததெல்லாம் சரிதான். எழுதாமல் விட்டது ஒன்றே ஒன்று. புதிய கிட்டாரிலும் நான்காம் நாளே அந்த இரைச்சல் வந்துவிட்டிருந்தது.

விட்டதற்குக் காரணம் இருந்தது. இரைச்சல் வருவது இடதுகை மோதிர விரல் அழுத்துகிற இடத்தில். கோமதிநாயகத்தின் அண்ணன் சிவசைலத்துக்கு அதே விரலில்தான் பலம் குறைய ஆரம்பித்தது. சட்டைப் பொத்தான் போட வரமாட்டேன் என்கிறது என்று ஒருநாள் அண்ணன் சிரித்துக்கொண்டே சொன்னார். அடுத்த வருடம் அவருக்குத் தண்ணீர் டம்ளரைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. போன வாரம் பட்டறையில் கோமதிநாயகத்தின் இடதுகையிலிருந்து ஒரு பல் அச்சு நழுவி விழுந்து உடைந்தது. ஈரமாக இருந்தது, வழுக்கிவிட்டது என்று மனைவியிடம் சொன்னார். அச்சு காய்ந்து இரண்டு நாளாகியிருந்தது.

நோட்டை மூடினார்.

“எது நல்லது டீச்சர்? நீங்க சொன்னாச் சரி.”

ஹெப்சிபா பழைய கிட்டாரை எடுத்து அவர் மடியில் வைத்தார். “அந்த இடத்துல வாசிங்க.”

வாசித்தார். கிர்ரென்றது.

“பாத்தீங்களா, பழசுக்கு வயசாயிட்டு,” என்றார். அப்படிச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த ஆசையைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

“புதுசுல வாசிங்க.”

இன்றைக்கு ஒரே புழுக்கமாக இருக்கிறது, பலகை உப்பியிருக்கும் என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். டீச்சர் கிட்டாரை நீட்டியபடியே இருந்தார். வேறு வழியில்லாமல் வாங்கி வாசித்தார். அதே இடம், அதே இரைச்சல்.

“கடையிலயே கம்பியத் தாழ்த்தி வச்சிருக்காங்க, அதான் இரையுது.”

“இருக்கலாம்,” என்றார் ஹெப்சிபா. “மோதிர விரல எடுத்துட்டு, அதே இடத்துல நடுவிரல வைங்க.”

நடுவிரலில் இரைச்சல் வராவிட்டால் கோளாறு கிட்டாரில் இல்லை, மோதிர விரலில்தான் என்று கோமதிநாயகத்துக்குப் புரிந்துவிட்டது. நான்கு வருடத்தில் டீச்சர் சொன்ன எதையும் அவர் தட்டியதில்லை. 

“வேண்டாம் டீச்சர்,” என்றார்.

ஹெப்சிபா காத்திருந்தார். கீழே தெருவில் யாரோ கிளம்பாத ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பிப் போயிற்று.

கடைசியில் அவர் நடுவிரலை வைத்து மீட்டினார். கம்பி சுத்தமாகப் பேசியது. அவராகவே பழைய கிட்டாரை எடுத்தார், அதே இடத்தில் நடுவிரலை வைத்தார். அதுவும் சுத்தமாகப் பேசியது. ஆறு மாதமாக அந்த நாதத்தைக் கேட்கத்தான் அவர் அத்தனை பாடுபட்டார். கேட்டதும் கிட்டாரை மடியிலிருந்து இறக்கிக் கீழே வைத்துவிட்டார்.

“எது நல்லது அண்ணாச்சி?” என்று ஹெப்சிபா கேட்டார்.

அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ரெண்டும் நல்லாத்தான் இருக்கு டீச்சர்.”

அதற்குப் பிறகு அண்ணனைப் பற்றிச் சொன்னார். உடைந்த அச்சைப் பற்றிச் சொன்னார். இடதுகை பிடித்தால்தான் வலதுகை பல்லைச் செதுக்க முடியும், ஒற்றைக் கையை வைத்துக்கொண்டு தன் தொழிலில் ஒன்றும் செய்ய முடியாது என்றார்.

“வேற கிட்டார்ல வாசிக்கச் சொன்ன அன்னைக்கே உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டார்.

“சந்தேகம் இருந்துச்சு. உங்க மொகத்தப் பாத்துச் சொல்ல வாய் வரல. அதான் வேற கிட்டார்னு சொன்னேன். புதுசுல இரைச்சல் வரக்கூடாதுன்னு நானும் ஜெபம் பண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன்.”

கோமதிநாயகம் தலையாட்டினார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு என்ன நினைத்தாரோ, சட்டென்று எழுந்து இரண்டு கிட்டார்களையும் பைக்குள் வைத்து மூடினார். கம்பியைக் கொஞ்சம் உயர்த்தி வைத்துப் பார்க்கலாம் என்றார். பழுது பார்க்கிறவரிடம் இன்னொரு தடவை காட்டிவிடலாம், கடைக்காரரிடம் இன்னும் ஒரு வாரம் கேட்டால் மாட்டேன் என்றா சொல்லப்போகிறார் என்றார். பேசிக்கொண்டே ஒரு பையைத் தோளில் மாட்டி, அடுத்ததற்குக் கையை நீட்டினார்.

ஹெப்சிபா அந்தப் பையின் வாரைப் பிடித்துக்கொண்டார். இன்னொரு கையால் அவர் தோளில் இருந்ததையும் கழற்றினார்.

“ரெண்டும் இங்கயே இருக்கட்டும், கடைக்காரர்ட்ட நான் பேசிக்கிடுதேன். இத்தன நாளும் கிட்டாரத் தூக்கிட்டுத் தூக்கிட்டுப் போய்க் காட்டினீங்க அண்ணாச்சி. இன்னைக்கு டாக்டர்ட்ட கைய மட்டும் கொண்டுட்டுப் போங்க.”